திதிக்குப் பிறகு வந்த செருப்பு

அத்தியாயம் ஐந்து

வாசலில் கிடந்தது ஒரு ஜோடி ஆண்பிள்ளைச் செருப்பு. அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு பெண் வீட்டைக் காலி செய்வாளா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் செருப்பைப் போட்டு நடந்தவன் செத்து மூன்று வருடம் ஆகிறது.

திருச்செல்வம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தானே தவிர, கிட்டே போகவில்லை. நீல வார் போட்ட ரப்பர் சிலிப்பர். வலது கால் நன்றாக இருந்தது. இடது காலில் குதிகாலின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து காகிதம் போல் மெலிந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை, அதற்கும் பின்னால் செம்பனைத் தோட்டம். பகல் வேளைதான். ஆனாலும் வானம் இருட்டிக்கொண்டு நின்றதில், பனைகளுக்கு நடுவே யாரோ நின்று பார்ப்பது போலவே அவனுக்குத் தோன்றியது.

"ஆச்சி, பேய்க்குக் கால் தரையில படாதும்பாங்க. இது செருப்பு தேய நடந்திருக்கு. நல்ல உழைப்பாளிப் பேய் லா."

"வாயை வாசல்ல கழட்டி வச்சிட்டு உள்ள வா, செல்வம்," என்றார் மீனாள் ஆச்சி.

மீனாள் ஆச்சியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புறுதிக் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களை மோப்பம் பிடித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு குளுவாங்கில் ஒரு மளிகைக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். செல்வம் அவருக்குக் கார் ஓட்டுவான், பை தூக்குவான், கேட்காமலே பேசுவான். முன்பு சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றுக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வந்தவன். "அங்க மெஷினோட பேசினேன், இங்க ஆச்சியோட பேசறேன். மெஷினாச்சும் அப்பப்ப ஒரு சத்தம் கொடுக்கும்," என்பான்.

உள்ளே பாதி வீடு அட்டைப் பெட்டிகளுக்குள் போயிருந்தது. மலர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டிலேயே ரவிக்கைக்கு மணி வேலை செய்து இணையத்தில் விற்கிறவள். அவள் மகள் பிரீத்தி, ஒன்பது வயசு, பள்ளிச் சீருடையில் இருந்தாள், பள்ளிக்குப் போகவில்லை. சுவரில் மாலை போட்ட படத்தில் அர்ச்சுனன் சிரித்துக்கொண்டிருந்தான். லோரி விபத்தில் போனவன். அந்தச் சிரிப்பு நேராகத் தன்னையே பார்ப்பது போல் இருக்கவே, செல்வம் சற்றுத் தள்ளி உட்கார்ந்தான். படமும் கூடவே திரும்பியது போல் இருந்தது.

"அவரு செருப்புதான் ஆச்சி. இடது கால் கொஞ்சம் சாய்ச்சுதான் நடப்பாரு. ஓரம் தேஞ்சிரும். எனக்குத் தெரியாதா?" என்றாள் மலர். "மொதல்ல லாபிஸ் ஊர்ல இருந்தப்ப வந்துச்சு. பயந்துக்கிட்டு செடெனாக் போனோம். அங்கயும் வந்துச்சு. இங்க லாயாங் லாயாங்ல ஒளிஞ்சா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். இன்னிக்குக் காலையில கதவைத் திறக்கறேன், கெடக்குது."

"உயிரோட இருக்கறப்ப எப்படிப்பட்ட ஆளுக்கா?" செல்வம் மெதுவாகக் கேட்டான்.

"தங்கமான மனுஷன்."

"அப்ப செத்தும் தங்கமாத்தானே இருப்பாரு. ஏன் ஓடறீங்க?"

மலர் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அவரு வந்தா எனக்கு என்ன பயம்? அவருக்கு இந்த வழி தெரியுதுன்னா, அவங்க அண்ணனுக்கும் தெரிஞ்சிரும். அதான்."

விஷயம் இதுதான். அர்ச்சுனன் போன பிறகு அவன் அண்ணன், தினமும் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்கு மோட்டாரில் போய் வரும் மதிவாணன், 'பிள்ளை எங்க வீட்டு ரத்தம், விட்டுட்டு நீ கிளம்பு' என்று மலரை ஓர் அறையில் போட்டுப் பூட்டினான். அவள் தப்பித்து, பிள்ளையோடு ஓடி வந்து, வழக்குப் போட்டாள். அவன் இவர்கள் பக்கமே வரக் கூடாதென்று கோர்ட்டு உத்தரவு இருக்கிறது. ஆனால் ஆளில்லாத சந்தில், பிள்ளையைத் தூக்கி வண்டியில் போடுகிறவனை உத்தரவு எழுதிய தாள் போய் மறிக்குமா? இடம் தெரியாமல் இருப்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பூட்டு.

"போன்ல படம் போடறீங்களா?" ஆச்சி கேட்டார்.

"ரவிக்கைப் படம் மட்டும்தான் ஆச்சி. அதுவும் போடறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற இடம், நேரம் எல்லாத்தையும் எடுத்துருவேன். சன்னல் தெரியாது, தெருப் பேரு தெரியாது. பாருங்க."

ஆச்சி அவள் கைப்பேசியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாம் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பு ஒட்டிக்கொண்டு வரும் அல்லவா? எந்த இடம், எந்த நேரம், எந்தப் போன் என்று. பார்ப்பவருக்கு ரவிக்கைதான் தெரியும். தோண்டிப் பார்ப்பவருக்கு வீட்டு வாசலே தெரியும். மலரின் படங்களில் அந்தக் குறிப்பு ஒன்றிலும் இல்லை. கழுவித் துடைத்த பாத்திரம் போல் இருந்தன.

"சுத்தம்," என்றார் ஆச்சி. "என்னைவிட நல்லாச் செய்யற. சரி, வீடு மாறி எவ்வளவு நாள்ல செருப்பு வந்துச்சு?"

"நாளா? லாபிஸ்ல பல மாசம் நிம்மதியா இருந்தோமே. செடெனாக்லயும் அப்படித்தான்."

"அப்ப வீடு மாறினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அந்தந்தச் சமயத்துல வேற என்ன நடந்துச்சு, யோசிச்சுச் சொல்லு."

மலர் யோசிக்கவே இல்லை. கண் தானாகப் படத்துக்குப் போனது. "அவரு திதி, ஆச்சி. மூணு தடவையும் திதி முடிஞ்ச மறுவாரம்தான். நான் படையல் போட்டுக் கூப்பிடறேன். அவரு வந்துடறாரு."

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ரயில் போனது. சுவர் அதிர்ந்தது. படத்தில் கிடந்த மாலையிலிருந்து ஒரு பூ உதிர்ந்து, செல்வத்தின் காலடியில் விழுந்தது. அவன் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டான். பிரீத்தி அவனைப் பார்த்து, "அங்கிள், அது ரயில்," என்றாள்.

"எனக்கும் தெரியும்மா. கால் வலிச்சுச்சு."

ஆச்சி எதையும் கவனிக்கவில்லை. மலர் முன்னே எடுத்து வைத்திருந்த செருப்புப் படங்களையும், வாசலில் கிடந்த செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "லாபிஸ்ல செருப்பு மூக்கு வீட்டைப் பார்த்து இருக்கு. செடெனாக்லயும் அப்படித்தான், யாரோ உள்ள வந்த மாதிரி. இன்னிக்கு மட்டும் தெருவைப் பார்த்து இருக்கு."

"பேய் கிளம்பிருச்சு போல," என்றான் செல்வம். சொன்ன பிறகுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தோன்றியது அவனுக்கு.

"மலரு, திதிக்குப் படம் எதுவும் எடுத்தியா?"

"படமா? நான் போடவே இல்லையே ஆச்சி."

"போட்டியான்னு கேக்கல. எடுத்தியா?"

மலர் தயங்கினாள். "புது மாலை போட்டு, விளக்கேத்தி, அவரு படத்தை மட்டும் எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்ல நினைவஞ்சலி வரும். மனைவி, மகள்னு எங்க பேரும் அதுல இருக்கணும்ல? கூலாய் ஊர்ல அச்சுக் கடை வச்சிருக்கிற குணாளன்னு அவரோட கூட்டாளி, அவர்தான் வருஷா வருஷம் போட்டுக் கொடுப்பாரு. அவருக்கு அனுப்புவேன்."

"அந்தப் படத்தைத் துடைச்சியா?"

"அது சாமிப் படம் ஆச்சி," என்றாள் மலர், கொஞ்சம் அதிர்ந்து போய். "செத்தவரு படம். அதுவா எங்க வீட்டைக் காட்டும்?"

ஆச்சி எழுந்தார். "கதவைப் பூட்டிக்கோ. நாங்க வர்ற வரைக்கும் எங்கயும் போகாதே."

காரில் ஏறியதும் செல்வம் கேட்டான். "மதிவாணன் வேலைதானே ஆச்சி? செருப்பு அவங்க செனாய் ஊரு வீட்லதான் இருந்திருக்கும்."

"செருப்பு அந்த வீட்டுதுதான். பேய் கடையில போயி பழைய செருப்பு வாங்காது. ஆனா மதிவாணனுக்கு வழி தெரிஞ்சா, செருப்பை வச்சிட்டுச் சத்தம் போடாம போவானா? பிள்ளையைத் தூக்கிட்டுல்ல போயிருப்பான்."

"அப்ப யாரு?"

"வண்டியை எடு."

குணாளனின் கடையில் உயிரோடு இருப்பவர்களும் இறந்தவர்களும் ஒரே சுவரில் தொங்கினார்கள். கல்யாண ஜோடிக்குப் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி, அதற்குப் பக்கத்தில் கோயில் தீமிதி பேனர். குணாளன் சட்டையெல்லாம் மையாக வந்து கும்பிட்டான். விஷயத்தைச் சொன்னதும் கையை உதறினான்.

"அலமாக்! ஆச்சி, சத்தியமா மலர் அக்கா எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல."

"தெரியாதுதான். ஆனா உன்கிட்ட இருக்கு. அந்தப் படத்தைத் திற. விரலால மேல தள்ளு."

தள்ளினான். சிரிக்கிற அர்ச்சுனன் மேலே போனான். அவனுக்குக் கீழிருந்து ஒரு வரைபடம் எழுந்து வந்தது. ரயில் பாதை, சந்து, ஒரு சிவப்புப் புள்ளி. லாயாங் லாயாங். செல்வம் ஓரடி பின்வாங்கினான். இறந்தவனே கையை நீட்டித் தன் பெண்டாட்டி இருக்கும் வீட்டைக் காட்டியது போல் இருந்தது அது.

"எப்படி வந்துச்சு ஆச்சி? வாட்சப்ல அனுப்பினா இதெல்லாம் போயிரும்னு சொல்வாங்களே?" என்றான் குணாளன்.

"சாதாரணமா அனுப்பினாப் போயிரும். நீ எப்படி அனுப்பச் சொன்ன?"

குணாளன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "டாக்குமெண்டா. சாதாரணமா வந்தா சுருங்கி மங்கிரும். அர்ச்சுனன் முகம் தெளிவா வரணும்னுதான்..."

"முகம் தெளிவா வந்துச்சு. கூடவே வீடும் வந்துச்சு. சரி, இதை நீ யாருக்கு அனுப்பின?"

"செனாய் வீட்டுக்குத்தான். அவங்க வீட்டு விளம்பரம், அவங்க சரின்னு சொல்லணும்ல? ராசம்மா அண்ணிக்கு அனுப்புவேன். மதிவாணன் அண்ணன் சம்சாரம். ஆனா ஆச்சி," குணாளன் குரலைத் தாழ்த்தினான், "அந்த அண்ணி ஒரு மாதிரி. ஒவ்வொரு வருஷமும் அதே படத்தை எனக்கே திருப்பி அனுப்புவாங்க. 'இதைப் போடு தம்பி, பழசை அழிச்சிரு'ன்னு. நான் அழிக்கல. என்ன மாத்தியிருக்காங்கன்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல. அதே படம்தான், ஆனா மோசமான படம்! சின்னதா, மங்கலா, மேல போன் பேட்டரி அடையாளம் எல்லாம் தெரியும். நான் வெட்டிட்டுப் போடுவேன். போன வருஷம் வெட்ட மறந்துட்டேன். அர்ச்சுனன் தலைக்கு மேல பாதி பேட்டரியோட பேப்பர்ல வந்துருச்சு."

"அதான் இன்னும் சார்ஜோட நடமாடறாரு," என்றான் செல்வம்.

காலையிலிருந்து சிரிக்காத ஆச்சி இப்போது சிரித்தார். செல்வத்தின் நகைச்சுவைக்கு இல்லை.

"நல்ல படத்தை வாங்கிட்டு மோசமான படத்தை ஒருத்தி ஏன் திருப்பிக் கொடுக்கறா? படத்தைத் திரையில வச்சு, அந்தத் திரையையே ஒரு படம் பிடிச்சிருக்கா. அப்படிப் பிடிச்ச படத்துக்கு மாலை உண்டு, முகம் உண்டு; எந்த ஊர்னு மட்டும் இருக்காது. அந்தப் பேட்டரி அழுக்கு இல்ல தம்பி. அவ துடைச்சதுக்கு அடையாளம்."

செல்வம் விரல் மடக்கிக் கணக்குப் போட்டான். "அப்ப... மலர் அக்கா துடைக்க மறந்ததை, எதிரி வீட்ல இருக்கிற பொம்பளை உட்கார்ந்து துடைச்சிருக்காங்க. புருஷன் கண்ணுல படறதுக்கு முன்னாடி."

"செருப்பை வச்சதும் அவதான். நம்ம பேய்க்குப் பேரு ராசம்மா."

"காப்பாத்தறவங்க எதுக்கு ஆச்சி பயமுறுத்தணும்?"

"உங்கப்பா போன பிறகு உங்கம்மா தனியா இருந்தாங்களே. வாசல்ல என்ன வச்சிருந்தாங்க?"

செல்வம் சட்டென்று பதில் சொல்ல வந்தான். "அப்பாவோட தோட்டத்துப் பூட்ஸ். ஆம்பளை இல்லாத வீடுன்னு எவனும் நெனைச்சிரக் கூடாதுன்னு, தினம் காலையில தொடைச்சு..." பாதியில் நின்றுவிட்டான். அது பயமுறுத்த வைத்த செருப்பே இல்லை. காவலுக்கு வைத்தது.

"ஆனா இந்தத் தடவை தெருவைப் பார்த்து வச்சிருக்காங்களே ஆச்சி. அப்படின்னா?"

"கிளம்புன்னு அர்த்தம். ஏன்னுதான் எனக்கு இன்னும் தெரியல."

குணாளன் மைக் கையைச் சட்டையில் துடைத்தான். "எனக்குத் தெரியும் ஆச்சி. நேத்து மதிவாணன் அண்ணனே போன் போட்டாரு. 'என் தம்பி தலை மேல ஏன்டா பேட்டரி? இந்த வருஷம் பெருசா பேனர் அடிக்கணும். ஒரிஜினலை எனக்கே அனுப்பு, டாக்குமெண்டா அனுப்பு'ன்னாரு. காலையில அனுப்பிட்டேன்."

ஆச்சி அவன் போனைச் சுட்டினார்.

"பார்த்துட்டானா?"

குணாளன் போனைத் திறந்து காட்டினான். இரண்டு டிக், சாம்பல் நிறத்தில். இன்னும் பார்க்கவில்லை.

"அவருக்குச் சிங்கப்பூர் ஃபேக்டரில வேலை ஆச்சி," செல்வம் முந்திக்கொண்டான். "கேமரா போனை உள்ள விடமாட்டாங்க. லாக்கர்ல பூட்டிட்டுப் போகணும். ஷிஃப்ட் முடியற வரைக்கும் அந்தப் போன் செத்த பொணம். அழிங்க, அழிங்க, எல்லாருக்கும் சேர்த்து அழிங்க லா!"

குணாளன் விரலை வைத்து அழுத்தினான். அழிக்கவா என்று போன் கேட்டது. அந்தக் கணம், அவர்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு டிக்கும் நீலமாயின.

குணாளன் அழித்தான். அழித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது மதிவாணனிடமிருந்து ஒரு பதில் வந்திருந்தது. வாழ்த்து இல்லை, நன்றி இல்லை, கேள்விக்குறிகூட இல்லை.

'லாயாங் லாயாங்.'

கூலாயை விட்டு வெளியேறும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆச்சி போலீசுக்குச் சொல்லிவிட்டு மலருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் போட்டார். எடுக்கவில்லை.

"சிங்கப்பூர்ப் பாலத்துல ஜாம் இருக்கும்ல?" ஆச்சி கேட்டார்.

"காருக்குத்தான் ஆச்சி ஜாம். அவரு மோட்டார். நான் வராத வழியா?" செல்வத்தின் வாயில் அதற்கு மேல் நகைச்சுவை எதுவும் மிச்சமில்லை. சாலையின் இருபக்கமும் செம்பனை மரங்கள் மழையில் தலைவிரித்து நின்றன. கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க, எதிரே ஒரு ஆள் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போவது போலவும், எவ்வளவு வேகமாகப் போனாலும் அவனைத் தாண்ட முடியாதது போலவும் இருந்தது. பயப்படாதீர்கள், அங்கே யாரும் இல்லை. பயந்தவன் கண்ணுக்கு மழையும் நடக்கும்.

சந்துக்குள் திரும்பியதும் செல்வம் பிரேக்கை மிதித்தான். மலர் வீட்டு வாசலில் 'கஞ்சில்' ரகச் சின்னக் கார் ஒன்று, பழசு, நின்றது. கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே மூடிக் கட்டிய பெட்டி ஒன்றுக்குள்ளிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

உள்ளே மூன்று பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மலர், பிரீத்தி, அவர்களுக்கு எதிரே நனைந்த சேலையோடு ஒரு பெண். ஐம்பதை நெருங்கிய முகம். கையில் சின்னப் பை.

"நேத்து அவரு ஒரிஜினல் படத்தைக் கேட்டது காதுல விழுந்துச்சு. கிளம்பிருன்னு செருப்பைத் தெருவைப் பார்த்து வச்சிட்டு வீட்டுக்குப் போனேன்," அவள் மலரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "சோறு எறங்கல. இவளுக்கு என்ன புரிஞ்சிருக்கும்னு திரும்பி வந்துட்டேன்."

"காலையிலயே கதவைத் தட்டியிருக்கலாமே அக்கா."

"தட்டக் கையைத் தூக்கினேன்மா. எங்க வீட்லதானே உன்னைப் பூட்டி வச்சோம். சாவி என் இடுப்புல இருந்துச்சு அன்னிக்கு. எந்த முகத்தோட தட்டறது?" ராசம்மா மூக்கை உறிஞ்சினாள். "உன் நம்பர் என்கிட்ட இருந்தா அவரு மிரட்டி வாங்கிருவாரு. அதான் நம்பரே வச்சுக்கல. கொழுந்தன் செருப்பு மாடியில ஒரு மூட்டை கெடந்துச்சு. தனியா இருக்கற பிள்ளைங்க, வாசல்ல ஒரு ஆம்பளை செருப்பாச்சும் கெடக்கட்டும்னு கொண்டாந்து வச்சேன். அடுத்த வருஷம் படம் வந்தா வேற ஊரைக் காட்டுது. ஏன்டா இவ ஒரு எடத்துல இருக்க மாட்டேங்கறான்னு நெனச்சேன்."

மலர் அவளையே பார்த்தாள். "அக்கா, நான் ஓடினதே அந்தச் செருப்பைப் பார்த்துத்தான்."

ராசம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னாலயா? ரெண்டு வீடு... பிள்ளை ரெண்டு ஸ்கூல்... என்னாலயாம்மா?"

மழைச் சத்தத்துக்கு நடுவே மோட்டார் ஒன்று சந்துக்குள் வந்து, மெதுவாகி, நின்றது.

மலர் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஆச்சி சன்னல் வழியே பார்த்தார். மழைக்கோட்டில் ஒரு கனத்த மனிதன் கேட்டுக்கு வெளியே நின்றான். கையில் போன். போனைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான்.

"மலரு," என்றான். கத்தவில்லை. கத்தாததுதான் பயமாக இருந்தது. "பிள்ளையை அனுப்பு. என் தம்பி பிள்ளை. கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். அக்கம்பக்கம் பார்க்க வேணாம்."

மலர் எழப் போனாள். ராசம்மா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, தானே எழுந்து மழைக்குள் இறங்கினாள்.

மதிவாணன் கேட்டில் வைத்த கை அப்படியே நின்றது. செத்தவன் எதிரே வந்திருந்தால்கூட அவன் அவ்வளவு வெளுத்திருக்க மாட்டான்.

"நீ... நீ எப்படி இங்க வந்த?"

"நான் வருஷா வருஷம் வர்றேங்க," என்றாள் ராசம்மா. "லாபிஸ் போனேன். செடெனாக் போனேன். நம்ம வீட்டுக்கு வந்த படத்தையெல்லாம் நான்தான் துடைச்சுத் துடைச்சுக் கொடுத்தேன்."

"வீட்டுக்கு நட. அங்க பேசிக்கறேன்."

"பிள்ளையைத் தாண்டி நான் வரமாட்டேன். என்னைத் தாண்டி நீங்க வரமாட்டீங்க."

அவன் கேட்டைத் தள்ளினான். கொண்டி கழன்றது. ஒரு காலை உள்ளே வைத்தான்.

"செல்வம், படம் எடு," என்றார் ஆச்சி வாசலில் நின்றபடி.

செல்வம் போனை எடுத்தான். "ஆச்சி, என் போன்ல லொக்கேஷன் ஆஃப்ல இருக்கு. நீங்கதானே எப்பவும் ஆஃப்ல வைக்கச் சொன்னீங்க."

"இன்னிக்கு ஆன் பண்ணு."

ஆன் செய்தான். பளிச் என்று வெளிச்சம் அடித்தது. மழைத்துளிகள் நடுவே மதிவாணன், கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு காலோடு.

"அண்ணே, இன்னொண்ணு. கொஞ்சம் சிரிங்க," செல்வத்துக்குப் போன வாய் திரும்பி வந்துவிட்டது. "எங்க நிக்கிறீங்க, எத்தனை மணிக்கு நிக்கிறீங்க, எல்லாம் இதுக்குள்ள இருக்கு. கோர்ட்டுக்கு இதை டாக்குமெண்டாவே அனுப்பறோம். முகம் மங்கக் கூடாதுல்ல?"

மதிவாணன் காலைப் பின்னுக்கு இழுத்தான். இழுத்து என்ன பயன்? படத்தில் கால் உள்ளேதான் இருந்தது. மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கழன்ற கொண்டியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள். சந்து முனையில் போலீஸ் வண்டியின் நீல விளக்கு மழைச் சுவரில் சுழல ஆரம்பித்தது.

போலீசார் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போன பிறகும் வெகுநேரம் அந்த மோட்டார் மட்டும் மழையில் நனைந்துகொண்டு நின்றது. ஆச்சி ராசம்மாவின் தலையில் ஒரு துண்டைப் போட்டு, "இனிமே எங்க போவ?" என்று கேட்டார். மலர்தான், "எங்கயும் போக வேணாம்," என்றாள். யாரைச் சொன்னாள் என்பது அவளுக்கே நிச்சயமில்லாதது போல, இன்னொரு முறையும் சொன்னாள்.

பிரீத்தி அம்மாவின் புடவை மடிப்பிலிருந்து தலையை எடுத்தாள். அழவில்லை. பழகிய பிள்ளைகள் அழமாட்டார்கள். காரியமாகக் கேட்டாள்.

"ம்மா, நாளைக்கு எந்த ஸ்கூல்?"

மலர் அவள் காலர் பட்டனைப் போட்டுவிட்டாள்.

"இதே ஸ்கூல்தான்டா."